மடப்பள்ளி ஏற்காத மிளகாய்

ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் காண வன்னியம்பட்டி முதலிய சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் முதியோருள், ஓரிடத்தில் அமர்ந்து பாதங்களைத் தடவிக்கொண்டிருப்போர் எப்போதும் உண்டு. நெடுநாள் சர்க்கரை நோய் கால் நரம்புகளைப் பழுதாக்குவதால் எழும் எரிச்சல் அது. இரவில் மிகும், போர்வை உரசினாலும் சுடும். முதுமையின் இயல்பென்றும் முன்வினைப் பயனென்றும் கருதி, பிள்ளைகளிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்வோர் பலர். அவ்வாறு பொறுத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதற்குரிய மருந்துகளுள் ஒன்று, வியப்பாக, மிளகாயிலிருந்தே கிடைத்திருக்கிறது.

பெருமாள் கோயில் மடப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் மிளகாய்க்கு இடமில்லை. புளியோதரையாயினும் வடையாயினும் மிளகின் காரமே சேரும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் கடல்வழி கண்டு வந்த போர்த்துகீசியர் வழியாகவே இந்நாட்டை அடைந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் எனப் பெயர் பெற்றது. திருவமுதில் இடம் பெறாவிடினும், விருதுநகர்ச் சந்தையில் அதன் வற்றல் மூட்டைகளுக்குக் குறைவில்லை.

அதன் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின். சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் வாயில் ஒன்று நரம்பு நுனிகளில் உள்ளது. கேப்சைசின் அவ்வாயிலைத் திறந்துவிடுகிறது. நெருப்பே இல்லாதபோதும் மூளை நெருப்பென்று நம்புகிறது. இதனை 1997இல் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாயில் விடாது தூண்டப்படின் நரம்பு நுனி ஓய்ந்து, வலிச்செய்தி அனுப்புவதைச் சில காலம் நிறுத்திவிடுகிறது. எரிப்பதே எரிச்சலைத் தணிப்பது இவ்வாறுதான்.

நூற்றுக்கு 8 பங்கு கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டை, அக்கி வந்து ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலிக்காக 2009இலும், சர்க்கரை நோயாளரின் பாத வலிக்காக 2020இலும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில் பாதத்தில் அரைமணி நேரம் ஒட்டி எடுத்தால், பயன் மூன்று மாதம் வரை நிற்கக்கூடும். மிகக் குறைந்த அளவில் கேப்சைசின் சேர்ந்த களிம்புகளும் உண்டு. அவற்றை நாள்தோறும் சில வாரங்கள் தடவிவந்தால்தான் குணம் தெரியும். எல்லாருக்கும் இது கேட்பதில்லை. தொடக்கத்தில் எரிச்சல் கூடுவதும் இயல்பே.

இதைப் படித்துவிட்டு அடுக்களையில் வற்றலை அரைக்கப் புகுவோரைத் தடுத்தாக வேண்டும். மிளகாய் விழுதில் மருந்தின் அளவு இவ்வளவென்று எவராலும் சொல்ல இயலாது. தோல் வெந்து புண்ணாகிவிடும். எரியும் அதே பாதம் பல இடங்களில் மரத்தும் இருக்கும் என்பதே பெரிய ஆபத்து. புண் உண்டானதே தெரியாது. சர்க்கரை நோயாளரின் காலில் அத்தகைய புண், விரலையோ காலையோ இழக்கும் நிலைவரை கொண்டுபோய்விடலாம்.

வெயிலில் காய்ந்த பிரகாரக் கல்லும் மரத்த காலுக்கு அப்படியே. பாத எரிச்சல் உடையோர் விடியற்காலையிலோ, கல் குளிர்ந்த மாலையிலோ வலம் வருவது நலம். பகலில் வலம் வர நேர்ந்தால் காலுறை அணியலாமா என்று கோயிலாரைக் கேட்பதில் குற்றமில்லை. வீடு திரும்பியதும் உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; குனிய இயலாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.