அசல் கார் எது?

ஒரே அச்சில் அடித்த காசுகளிலேகூட ஒன்றுக்கொன்று சிறு வேற்றுமை உண்டு. அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான உறுப்புகள் சேர்ந்து உருவாகும் மோட்டார் கார், லட்சக்கணக்கில் தயாராகும்போது, எல்லாம் ஒன்றுபோல் இருக்குமா? இராது என்பது யாருக்கும் எளிதில் விளங்கும். ஆயினும் அமெரிக்காவில் பழைய கார்களைச் சேகரிப்போரின் கண்காட்சிகளில், இந்தச் சிறு வேற்றுமைகள்தான் பெரிய வழக்குகளாகக் கிளம்புகின்றன.

திடலில் கார்கள் வரிசையாக நிற்கும். கையில் காகிதமும் பேனாவுமாக நடுவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றி வருவார்கள். ஸ்க்ரூவின் தலை, சீட்டுத் துணியின் தையல், கதவோரம் ஓடும் பளபளப்புப் பட்டை, விளக்கின் கண்ணாடி எதுவும் அவர்கள் பார்வைக்குத் தப்பாது. அந்த ஆண்டுக்கும் அந்த மாடலுக்கும் உரியதல்லாத சாமான் ஒன்று இருந்தால் மார்க்கு குறையும். மார்க்கு குறைந்தால் பரிசு போகும். காரின் விலையும் இறங்கும்.

அசலைக் காப்பது நல்ல நோக்கம்தானே என்று கேட்கலாம். நோக்கத்தில் குற்றமில்லை. ‘உரியது’ எது என்பதைத் தீர்மானிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. புத்தகம் ஒன்று சொல்லும். தொழிற்சாலை வேறொன்று செய்திருக்கும். அப்போது எதை நம்புவது?

ஒரு பெயர், பல ஆலைகள்

ஃபோர்டு கம்பெனியின் ‘மாடல் டி’ காரை எடுத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை சுமார் 1 கோடியே 50 லட்சம் கார்கள் வெளிவந்தன. 1914ஆம் ஆண்டிலிருந்து 1925 வரை நிறம் ஒன்றே, கறுப்பு. ஆகையால் ஒரு காரைப் பார்த்தால் எல்லாக் கார்களையும் பார்த்ததாகும் என்று பலர் நினைக்கிறார்கள்.

நடந்தது வேறு. டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்ட் பார்க் ஆலையில் எஞ்சின்களைச் செய்து, எண் பொறித்து, தூரத்து நகரங்களில் இருந்த கிளை ஆலைகளுக்கு ரயிலில் அனுப்பினார்கள். அங்கே எஞ்சினோடு பாடியும் சக்கரமும் விளக்கும் சேர்ந்து கார் உருவாயிற்று. பாடிகளைச் செய்துகொடுத்த வெளிக் கம்பெனிகளும் பல. எஞ்சினின் எண் ஒரு மாதத்தைக் காட்டும். காரோ அதற்குச் சில வாரம் கழித்து, வேறோர் ஊரில் பிறந்திருக்கும். எஞ்சின் எண்ணே காரின் எண்ணாகவும் கொள்ளப்பட்டதால், அந்த எண்ணை மட்டும் வைத்து, “இந்தக் காரில் இந்த விளக்குதான் இருந்திருக்க வேண்டும்” என்று சாதிப்பது கஷ்டம்.

அதற்குப் பின் வந்த ‘மாடல் ஏ’ 1927 டிசம்பரில் அறிமுகமாகி 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் தயாராயிற்று. அதன் நான்கு கதவுப் பாடிகளை பிரிக்ஸ், மர்ரே என்ற இரண்டு கம்பெனிகளும் செய்து கொடுத்தன. இரண்டும் ஒரே பெயரில்தான் விலைபோயின. ஆனால் வேலைப்பாட்டில் இருவர் கையும் தனித்தனியே தெரியும். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தப் போனால் பல இடங்களில் பொருந்தாது.

இதே காரில் முதலில் ஹாண்ட் பிரேக் இடது பக்கம் இருந்தது. கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும் என்று சில மாகாணங்களின் சட்டம் கேட்டதால், 1928ஆம் ஆண்டிலேயே அமைப்பை மாற்றி, பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட மாறுதல் ஒரே நாளில் எல்லாக் கிளை ஆலைகளிலும் நடந்துவிடாது. பழைய சரக்கு தீர்ந்த ஆலையில் புதியது ஏறும். தீராத ஆலையில் பழையதே தொடரும்.

பிற்காலத்திலும் இந்தக் கதைதான். 1967ஆம் ஆண்டு ‘காமரோ’ கார் ஒஹையோ மாகாணத்து நார்வுட்டிலும், கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே வான் நைஸிலும் தயாராயிற்று. நிறத்தையும் உள் அலங்காரத்தையும் குறிக்கும் சிறு தகட்டில் குறியீடுகளைப் பொறித்த முறையே இரண்டு ஆலைகளிலும் வேறு வேறு. தகடே இப்படியென்றால் மற்றவற்றைக் கேட்பானேன்?

கைக்கு வந்ததைப் பூட்டினார்கள்

ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலை வரிசையை ஒரு சக்கர மூடிக்காக நிறுத்துவார் உண்டா?

ஷெவர்லே கம்பெனியின் ‘கார்வெட்’ கார் 1953 ஜூன் 30ஆம் தேதி பிளிண்ட் நகரில் பிறந்தது. அந்த ஆண்டு தயாரானவை 300 கார்களே. எல்லாம் வெள்ளை நிறம், சிவப்பு உள் அலங்காரம். முந்நூறு கார்கள்தாமே, அவையாவது ஒன்றுபோல் இருந்தனவா என்றால், இல்லை. அந்தக் காருக்கென்று திட்டமிட்ட சக்கர மூடிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆகவே முதலில் வந்த சுமார் இரண்டு டஜன் கார்களுக்கு, அதே கம்பெனியின் ‘பெல் ஏர்’ காருக்குரிய மூடிகளையே போட்டு அனுப்பிவிட்டார்கள். இன்று அப்படியொரு காரைக் காணும் விஷயமறியாதவர், “யாரோ மூடியை மாற்றிவிட்டார்கள்” என்றுதான் சொல்வார். அங்கே அந்த ‘மாறிய’ மூடிதான் அசல்!

1964 ஏப்ரல் 17ஆம் தேதி விற்பனைக்கு வந்த ஃபோர்டு ‘மஸ்டாங்’ காரும் இப்படியே. முதல் பன்னிரண்டு மாதத்தில் 4 லட்சத்துக்கு மேல் விற்ற கார் அது. கம்பெனியின் கணக்கில் முதல் நாள் தொட்டே அது 1965 மாடல்தான். ஆனால் ஆரம்ப மாதங்களில் வந்தவற்றில் மின்சாரம் தருவதற்கு டைனமோ இருந்தது. பின்னர் வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். பானெட்டின் முன்விளிம்பும் ஆரம்பத்தில் ஒரு விதம், பிறகு வேறு விதம். ஒரே மாடல் ஆண்டுக்குள் இரண்டு விதக் கார்கள். இதனாலேயே ஆர்வலர்கள் முதலில் வந்தவற்றை ‘அறுபத்து நாலரை’ என்று தனியாக அழைக்கிறார்கள்.

யுத்தம் எழுதிய கையெழுத்து

எல்லாவற்றிலும் பாடம் சொல்லும் கார்கள் 1942 மாடல்களே.

1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. குரோமியமும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டன. கார்களில் பம்பர் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற இடங்களில் பளபளப்பு உலோகம் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. 1942 ஜனவரியில் வெளிவந்த கார்களின் அலங்காரப் பட்டைகளும் விளக்கு வளையங்களும் பெயிண்ட் பூசிய கோலத்தில் நின்றன. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே நின்றுபோயிற்று.

அந்தச் சில வாரங்களில் பிறந்த கார் ஒன்று இன்று ஒருவர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மாடலின் விளம்பரப் படத்தில் பட்டைகள் ஜொலிக்கின்றன; இவர் காரில் மங்கலாக இருக்கின்றன. ‘யாரோ சிக்கனக்காரர் பெயிண்ட் அடித்துவிட்டார்’ என்று எண்ணி, அதைச் சுரண்டி எறிந்து குரோமியம் ஏற்றினால் என்னவாகும்? கார் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தேசம் யுத்தத்தில் இறங்கியபோது தன் ஆடம்பரத்தைக் கழற்றி வைத்ததற்குச் சாட்சியாக இருந்த பெயிண்ட் போய்விடும். போனது திரும்பாது.

யுத்தம் முடிந்த பிறகும் தட்டுப்பாடு உடனே தீரவில்லை. 1946ஆம் ஆண்டில் சில கார்கள் பம்பருக்குப் பதில் மரப்பலகையோடு ஆலையை விட்டு வந்தன. பம்பர் பின்னால் வந்து சேர்ந்தது. கொரிய யுத்த காலத்தில் மறுபடியும் நிக்கலுக்குப் பஞ்சம். 1951, 52ஆம் ஆண்டுக் கார்கள் பலவற்றில் நிக்கல் இல்லாமலே மெல்லிய குரோமியம் ஏற்றி, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசினார்கள். அது சீக்கிரமே துருவேறிப் போயிற்று. இன்று அந்தக் கார்களில் கண்ணைப் பறிக்கும் குரோமியம் ஜொலித்தால், அது பிற்காலத்து வேலை என்று நிபுணர்கள் ஊகிக்கிறார்கள்.

கடைக்காரரும் கடல் கடந்த ஆலையும்

ஆலையை விட்டு வந்த கார் நேரே வீட்டுக்குப் போவதில்லை; இடையில் விற்பனையாளர் இருக்கிறார். ரேடியோ, மூடுபனி விளக்கு, வெயில் தடுப்பு முதலியவற்றை அவர் கடையிலேயே பூட்டித் தருவார். முதல் நாளிலிருந்தே காரில் இருந்த பொருள்கள்தாம் இவை. ஆனால் ஆலையில் பூட்டியவை அல்ல. இவற்றை அசல் என்பதா, அல்ல என்பதா? 1935ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கப் பழங்கார்ச் சங்கம், விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்திருக்கக்கூடிய நிலையைக் கணக்கில் கொள்கிறது. 1974ஆம் ஆண்டில் தோன்றிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கமோ ஆலையின் வழக்கமான உற்பத்தியை அளவுகோலாக வைக்கிறது. ஆக, இரண்டு சபைகளில் ‘அசல்’ என்ற சொல்லுக்கு இரண்டு எல்லைகள்!

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1947ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களைப் பூட்டி விற்றது. அந்தக் காலத்து ‘டாட்ஜ் கிங்ஸ்வே’ கார், வெளிநாடுகளுக்கென்றே ஏற்பட்ட ஒன்று. பிளிமத் உடலில் டாட்ஜ் பெயரும் அலங்காரமும் ஏறியது. உள்நாட்டு டாட்ஜ் காரை மட்டும் அறிந்த அமெரிக்கர் ஒருவர் அதைக் கண்டால், “இரண்டு கார்களை ஒட்டவைத்திருக்கிறார்கள்” என்று நினைக்கக்கூடும். பெயரை மாற்றி ஒட்டியது கம்பெனியேதான்.

திருத்தம் என்னும் தீங்கு

இவ்வளவையும் கேட்டபின், “அப்படியானால் விதியே வேண்டாம், எதுவும் அசல்தான்” என்று சொல்லிவிடலாமா? கூடாது. சொன்னால் மோசக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எஞ்சின் எண்ணை அழித்து வேறு எண் பொறிப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் காருக்கு உயர்ந்த மாடலின் சின்னங்களை ஒட்டிப் பல மடங்கு விலைக்குத் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சொல்லும் பதில், “ஆலையிலிருந்து இப்படித்தான் வந்தது” என்பதே. வாங்குகிறவனைக் காப்பாற்ற விதி வேண்டும்.

ஆனால் அந்த விதிப் புத்தகங்கள் எப்படி உண்டாயின என்பதை மறக்கலாகாது. கம்பெனியின் பழைய காகிதங்களோடு, யார் கையும் படாமல் தப்பிய கார்களையும் பார்த்துப் பார்த்துத்தான் அவற்றை எழுதினார்கள். அப்படித் தப்பிய கார் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. புத்தகத்துக்கு மாறாக இருக்கிறதென்று அதையே ‘திருத்தினால்’, புத்தகத்தில் பிழை இருந்தாலும் இனி அதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. பிழையும் சட்டமாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த நாளைய தொழிலாளி அவசரத்தில் விட்ட பெயிண்ட் வழிசலையும், சோதனையாளர் சாக்குக்கட்டியால் போட்ட குறியையும், இன்று பணம் செலவழித்துப் புதிதாக வரைந்து வைக்கிறார்கள். உண்மையான வழிசல் இருக்கும் காரையோ, மெருகு குறைவு என்று தேய்த்துவிடுகிறார்கள்!

செய்ய வேண்டியது கஷ்டமான காரியமல்ல. புத்தகத்துக்குப் பொருந்தாத சாமான் ஒன்றைக் கண்டால், கழற்றுமுன் விசாரிக்க வேண்டும். அடியில் வேறு ஸ்க்ரூத் துளைகள் உண்டா? பெயிண்டின் அடிப்பூச்சு அதன் கீழும் தொடர்கிறதா? சீட்டு ஸ்பிரிங்குகளுக்கிடையே ஆலையின் உத்தரவுக் காகிதம் சிக்கிக் கிடக்கிறதா? முதல் சொந்தக்காரர் எடுத்த பழைய படம் கிடைக்குமா? அதற்கு முன்னும் பின்னும் எண் கொண்ட கார்களில் அதே சாமான் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் சாதகமாக வந்தால் புத்தகத்தைத் திருத்த வேண்டும், காரை அல்ல. பதில் கிடைக்காவிட்டால் படம் எடுத்து, குறித்து வைத்து, கழற்றிய சாமானைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கை படாத கார்களுக்கென்று அமெரிக்காவில் இப்போது தனிப் பிரிவும் தனிப் பரிசும் ஏற்பட்டிருப்பது நல்ல அறிகுறி. மங்கிய பெயிண்டுக்கும் நைந்த துணிக்கும் மதிப்பு உண்டு என்று சங்கங்களே ஒப்புக்கொண்டுவிட்டன. மற்றப் பிரிவுகளின் நடுவர்களும் அதே பொறுமையைக் காட்டினால் போதும்.

புதுப்பிப்பது எந்த நாளும் முடியும். இன்று செய்யாவிட்டால் அடுத்த தலைமுறை செய்துகொள்ளும். அசலை அழித்தபின் அதை உண்டாக்க எந்தத் தலைமுறையாலும் முடியாது. பொருந்தாத பட்டை ஒன்றைக் கழற்ற ஸ்பானரை எடுக்கும் கை, இதை நினைத்து ஒரு கணம் தயங்கட்டும்.