சிவப்பு லைட் எரிஞ்சா நிப்பாட்டுங்கோ

மாமாவின் பழைய காரில் மொன்டே பெல்லெகிரினோ மலையில் ஏறிக்கொண்டிருந்தோம், சாந்தா ரொசாலியா கோயிலுக்கு. பலெர்மோத் தமிழர் சைவம், வேதம் பார்க்காமல் போகிற இடம். வளைவுகளில் மட்டும் சிவப்பு ஒயில் லைட் மின்னி மின்னி அணைந்தது.

"ஒரு மாசமா அப்பிடித்தான் தம்பி. சென்சர் பிழையாம்."

நிப்பாட்டச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம். சமதரையில் எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டுப் பார்த்தேன். நுனியில்கூட ஒயில் இல்லை. அளவு குறைந்தால் வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும். லைட் சொன்னது அதைத்தான். தெரிந்த பெடியன் ஒருவன் கையேட்டில் உள்ள அதே ரக ஒயில் கொண்டுவந்தான். ஒன்றரை லீற்றர் விட்ட பிறகு லைட் அணைந்தது. ஃபில்டரின் ரப்பர் வளையத்தால் கசிவு என்று பிறகு கராஜில் கண்டுபிடித்தார்கள்.

ஒயில் அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சென்சரை மாற்ற முதல், மீற்றர் பூட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கோ.

வேலைக்குப் பிந்தினால் சம்பளம் வெட்டுவார்கள் என்ற பயத்தில்தான் எங்கட ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது விளங்குது. ஆனால் எஞ்சின் இறுகினால் காரே போச்சு. இரண்டு வருடத்துக்கு ஒருக்கா செய்யிற ரெவிசியோனே ஒயில் அளவுக்குச் சாட்சி இல்லை.

இங்கே படித்த பிள்ளையளே, அப்பாவின் காருக்குள் கிடக்கிற இத்தாலியக் கையேட்டை ஒருக்கா அவருக்கு வாசித்துக் காட்டுங்கோ.