அதிரடி வேண்டாம், அடிக்கடி வந்தால் போதும்

'உணவகங்களில் அதிரடி சோதனை. கெட்டுப்போன இறைச்சி பறிமுதல்' என்று நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. படித்ததும் பலருக்குத் திருப்தி. எனக்கோ கவலைதான் வருகிறது. அதிரடி தேவைப்படுகிறது என்றால், அதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

என் வயதுக்காரர்களுக்கு நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டரை நன்றாக நினைவிருக்கும். சாக்கடை, பொதுக் குழாய், இறைச்சிக் கடை, ஹோட்டல் சமையற்கட்டு எல்லாம் அவர் சுற்றில் வரும். 'ஓசி டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்ற நினைப்பே பல கடைகளில் பாத்திரத்தைத் தேய்க்க வைத்தது.

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு உணவைப் பார்க்கத் தனி அலுவலர்கள். சாக்கடையும் குப்பையும் கொசுவும் பழையபடி நகராட்சியிடம். கலப்படம் கண்டுபிடிக்கத் தனிப் படிப்பு வேண்டும் என்பதால் இந்தப் பிரிவினையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எலிக்கு இலாகா தெரியாதே! சாக்கடையில் குடியிருந்து, ராத்திரி சமையற்கட்டில் சாப்பிட்டுப் போகிறது. எலிக்காய்ச்சலுக்கு அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் போதும். ஆகவே இரண்டு இலாகாக்காரர்களும் மாதம் ஒரு நாளாவது சேர்ந்து சுற்ற வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, சமைக்கும் ஆளையும் பார்க்க வேண்டும். உணவைக் கையாளும் தொழிலாளிக்கு வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி என்று விதி இருக்கிறது. பரோட்டாவுக்கு மாவு பிசையும் பையனுக்கு அது நடந்ததா? அவனுக்குக் கழிப்பறை உண்டா? கை கழுவச் சோப்பு உண்டா? முன்பக்கம் ஏ.சி. போட்டு, பின்பக்கம் ஒரு குழாய்கூட வைக்காத கடையில் மேஜையைத் துடைத்து என்ன பிரயோஜனம்?

'கையேந்தி பவன்காரன் வயிற்றில் அடிக்கிறீர்களே' என்று என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். வயிற்றில் அடிப்பது சோதனை அல்ல, திடீர் சோதனையும் சீலும்தான். குறையைச் சொல்லி, சரிசெய்ய அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அடிக்கடி வரும் அதிகாரிக்கு அது போதும். எப்போதோ வருபவர்தான் சீல் வைக்கிறார். கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதைக் கடை வாசலிலேயே ஒட்டிவிட்டால் ஓசி டிபனுக்கும் வேலை இருக்காது.

நம் பங்கும் உண்டு. டெங்கு கொசுப் புழு பார்க்க வரும் பெண்ணிடம், 'எங்க வீட்டில் எல்லாம் சுத்தம்தான், போம்மா' என்று கேட்டிலேயே சொல்லி அனுப்புபவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டுத் தண்ணீரே போதும். ஹோட்டல் சமையற்கட்டைத் திறந்து காட்டு என்று கேட்கிற நாம், நம் மொட்டை மாடியையும் திறந்து காட்ட வேண்டாமா?

இருபது வயதில் வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாள் லீவு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற நம் வயதில் உடம்பில் நீர் வற்றினால் அது சிறுநீரகம் வரை போய்விடும். அதனால் அடுத்த முறை சாப்பிடப் போகும்போது உரிமத்தின் 14 இலக்க எண் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லாவில் இருப்பவரிடம், "கடைசியா எப்போ வந்து பார்த்தாங்க தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கவனிப்பார். நூறு பேர் கேட்டால் அலுவலகமும் கவனிக்கும்.