இந்த மாதமே பார்சல் கட்டிவிடுங்கள்



கேரல் ரவுண்ட்ஸ், அலங்காரம் என்று நம் சபைகள் பரபரப்பாக இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு வேலை பாக்கி. கடல் கடந்து ஊழியம் செய்யும் நம் மிஷனெரிகளுக்கு அனுப்ப நினைக்கும் பார்சலை இந்த மாதமே கட்டிவிடுங்கள். டிசம்பரில் அனுப்பினால் அது போய்ச் சேரும்போது பொங்கல் வந்துவிடும்.

“பணம் அனுப்பினால் போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். பணம் மாதந்தவறாமல் தேவைதான். ஆனால் பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடும்படியும் கேட்கிறார். அப்போஸ்தலனுக்கும் குளிரும்.

நம் மண்ணுக்கு வந்த ஒரு பார்சலின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் அவருக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே! லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தார் மிஷனெரிகள் சாப்பிடுவதற்காக அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டி, ஈய உறையில் அடைத்து வந்திருந்தது. அந்த ஈயத்தை உருக்கிச் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. யாரோ பசியாறட்டும் என்று அனுப்பியது, நம் முன்னோர் கையில் வேதமாக வந்து சேர்ந்தது.

பொருளைவிடக் கடிதம் பெரிது. ஆப்பிரிக்காவில் மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் 1871-இல் உஜிஜி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்கென்று வந்திருந்த சரக்கையெல்லாம் பொறுப்பாளன் விற்றுத் தின்றிருந்தான். அந்த நிலையில்தான் அவரைத் தேடி ஸ்டான்லி என்ற பத்திரிகையாளர் ஒரு கடிதப் பையோடு வந்தார். சான்சிபாரிலிருந்து புறப்பட்டு ஓராண்டைக் கடந்த பை அது. லிவிங்ஸ்டன் அதை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எழுதியிருந்த ஒன்றிரண்டு கடிதங்களை வாசித்தார். முகம் மலர்ந்தது என்று ஸ்டான்லி எழுதியிருக்கிறார்.

இன்று வீடியோ காலில் முகம் பார்க்கலாம். இருந்தாலும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை பென்சிலால் எழுதி அனுப்பும் தாளை மிஷனெரி தாயார் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மனம் சோர்ந்த நாளில் திரும்பவும் வாசிக்கலாம்.

என்ன அனுப்புவது என்று நாமே முடிவு செய்யாமல் அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. பல நாடுகளில் பார்சலைப் பெறுகிறவர்தான் சுங்க வரி கட்ட வேண்டும். நாம் ஆசையாக அனுப்பிய சேலை அவர்களுக்குக் கடனாகக் கூடாது. இட்லிப் பொடி என்றால் எண்ணெய் கலக்காமல், இரண்டு கவர் போட்டு ஒட்டுங்கள். கசகசா வேண்டவே வேண்டாம். அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அதற்குத் தடை. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் மாட்டிக்கொள்வது வாங்குகிறவர்தான். சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை மறக்கவே கூடாது. ஊழியத்துக்கு எதிர்ப்புள்ள நாடுகளுக்கு அனுப்பும்போது உறையின்மேல் ‘மிஷனெரி’, ‘ரெவரெண்ட்’ என்றோ சபையின் பெயரையோ எழுதாதீர்கள். நம் அன்பு அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. உள்ளே வைக்கும் கடிதத்துக்கும் இதே கவனம் தேவை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் பேசுங்கள். பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். மாதக் கடைசிக்குள் தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்