கைப்பிடி பளபளத்தால் போதுமா?

கனடாவில் வீட்டைப் புதுப்பிக்கும்போது நம்மவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கும் பொருள் ஒன்று உண்டு. கதவுக் கைப்பிடி. சமையலறைக் கல்லுக்கு நாலு கடை ஏறி இறங்குவோம். தரைப் பலகைக்கு சாம்பிள் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு தரம், ராத்திரி லைட்டில் ஒரு தரம் பார்ப்போம். கைப்பிடி என்று வந்தால் மட்டும், "எவர்சில்வர் தானே? துருப்பிடிக்காதே? சரி, அதையே போட்டுருங்க" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். வீட்டில் உள்ள எல்லோரும், வந்து போகும் விருந்தாளிகளும், தினமும் பல முறை தொடுகிற பொருள் அது.

எவர்சில்வர் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை தட்டு, டம்ளரில் இருந்து வந்தது. ஊரில் எவர்சில்வர் என்றாலே சுத்தம். ஆனால் தட்டு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் உலோகம் இல்லை, ஒவ்வொரு வேளையும் அதைத் தேய்த்துக் கழுவுவதுதான். கைப்பிடியை யார் கழுவுகிறார்கள்?

நல்ல கைப்பிடிகளில் பயன்படுவது பெரும்பாலும் 304 என்ற ரகம். இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்தது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். அதனால் துரு பிடிக்காது, துடைப்பதும் சுலபம். எவர்சில்வரின் பெருமை அவ்வளவுதான். கிருமியைக் கொல்லும் குணம் அதற்குக் கிடையாது.

அந்தக் குணம் இருப்பது செம்புக்கும் பித்தளைக்கும். 1983-லேயே பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் கதவுக் குமிழ்களைச் சோதித்தார்கள். எஃகுக் குமிழ்களில் கிருமிகள் அதிகம் வளர்ந்தன, பித்தளையில் மிகக் குறைவு. 2008-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செம்புக் கலவைகள் கிருமியைக் கொல்பவை என்று பதிவு செய்தது. 2020-ல் கொரோனா வைரஸை வைத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, செம்பின் மேல் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் இல்லை. எவர்சில்வரிலோ இரண்டு மூன்று நாள் வரை தாக்குப்பிடித்தது. வான்கூவரின் டிரான்ஸ்லிங்க் நிறுவனம் அந்தக் காலத்தில்தான் பேருந்து, ரயில் கைப்பிடிகளில் செம்பைப் பொருத்திச் சோதித்தது.

அதற்காக நாளைக்கே எல்லாக் கைப்பிடியையும் கழற்றிவிட்டுச் செம்பு மாட்டச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் வேறு, வீடு வேறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021-ல், அசுத்தமான பரப்பை ஒரு முறை தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. செம்பு விலை அதிகம், கறுத்தும் போகும். கறுக்காமல் இருக்க மேலே வார்னிஷ் பூசிய பித்தளையில் கை உலோகத்தைத் தொடுவதே இல்லை, அதனால் அந்தப் பலனும் கிடைக்காது. மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் செம்பு யோசிக்க வேண்டிய செலவு. வீட்டுக்கு எவர்சில்வரே போதும், துடைத்தால்.

துடைப்பதிலும் நாம் செய்யும் தப்பு உண்டு. வயிற்றுப்போக்கும் வாந்தியும் கொண்டுவரும் நோரோவைரஸ் பரப்புகளில் நாள்கணக்கில் இருக்கும், ஆல்கஹால் ஜெல்லுக்கு எளிதில் மசியாது. அதனால் வீட்டில் ஒருவருக்கு அந்தத் தொல்லை என்றால், பாத்ரூம் கைப்பிடியை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ப்ளீச் கலந்த நீரைப் போட்டு, புட்டியில் சொன்ன நேரம் விட்டு, கடைசியில் வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். ப்ளீச்சை அப்படியே விட்டால் அதிலுள்ள குளோரைடு அந்தக் காப்புப் படலத்தை அரித்து, புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும். அழுக்கு தங்க அதுவே இடம். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, நுரையீரலுக்கு ஆபத்து.

நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானது. நல்ல 304 எஃகிலிருந்து நிக்கல் வெளியேறுவது மிகக் குறைவு, கைப்பிடியை நாம் தொடுவதும் ஓரிரு நொடிதான். கவனம் வேண்டியது வேறு இடத்தில். கடையில் "சாட்டின் நிக்கல்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் எஃகே இல்லை, மலிவான துத்தநாகக் கலவைக்கு மேல் பூசிய நிக்கல் முலாம். அந்த முலாம் நேராகக் கையில் படும், நாளாக ஆக உரியவும் செய்யும். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். நிக்கல் குறைந்த மலிவு 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. பெட்டியில் எழுதியிருக்கும் ரகத்தைப் படிப்பதுதான் வழி.

உலோகத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கைப்பிடியால் வரும் பெரிய ஆபத்து கிருமியில் இல்லை, அதன் வடிவத்தில் இருக்கிறது.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை சூப்பர் விசாவில் அழைத்து வருகிறோம். எழுபது வயதுக் கை, மூட்டுவலி, குளிருக்குக் கையுறை. வழவழப்பான உருண்டைக் குமிழை அந்தக் கையால் இறுக்கிப் பிடித்துத் திருக முடியாது. கையில் எண்ணெயோ சோப்போ இருந்தால் இளவட்டத்துக்கே வழுக்கும். "நான் எங்கடா போகப்போறேன்" என்று அவர்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அறைக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். புகை வந்த ராத்திரியில் அதே குமிழ்தான் அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கும்.

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான விதி, பொது இடங்களில் கைப்பிடியை ஒரே கையால், இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. வான்கூவர் இன்னும் ஒரு படி மேலே போனது. 2014 மார்ச் முதல் புதிதாகக் கட்டும் தனி வீடுகளிலும் உருண்டைக் குமிழ் கூடாது, அழுத்தித் திறக்கும் லீவர் கைப்பிடிதான் என்று விதி கொண்டுவந்தது. ஒன்டாரியோவிலோ, கட்டட விதிகளில் உள்ள தடையற்ற அணுகலுக்கான பகுதி தனி வீட்டுக்கும் டவுன்ஹவுஸுக்கும் பொருந்தாது. அதாவது, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கதவுக்குச் சட்டம் உண்டு, வயதானவர்கள் நாள் முழுக்க இருக்கும் வீட்டின் கதவுக்கு இல்லை. 2025-க்குள் எல்லோரும் அணுகக்கூடிய மாகாணம் என்று 2005-லேயே சட்டம் போட்ட அரசு, புதிய வீடுகளுக்காவது வான்கூவர் வழியில் போயிருக்க வேண்டும். லீவருக்கும் குமிழுக்கும் விலையில் பெரிய வித்தியாசமும் கிடையாது.

லீவர் என்றால் அதிலும் பார்த்து வாங்க வேண்டும். முனை கதவுப் பக்கமாக மடங்கியிருப்பது நல்லது. நேராக நீட்டிக்கொண்டிருந்தால் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் மாட்டும், ஓடிவரும் குழந்தையின் முகத்துக்கு நேராகவும் இருக்கும். பாத்ரூம் பூட்டு, வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கதவை உடைக்க நேரம் இருக்காது. சின்னக் குழந்தை லீவரை இழுத்துத் திறந்து பனியில் வெளியே போய்விடுமே என்ற பயம் சரியான பயம்தான். அதற்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளோ, கதவு திறந்தால் ஒலிக்கும் மணியோ போதும். வீட்டுப் பெரியவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுபவர்கள் ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும். உள்பக்கத்திலும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு சில வீடுகளில் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து போட்டது. தீ என்று வந்தால் இருட்டிலும் புகையிலும் சாவியைத் தேட முடியாது. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல், ஒரே அசைவில் திறக்க வேண்டும். அங்கே தங்குவது பெரும்பாலும் புதிதாக வந்த மாணவர்கள், வாய் திறந்து கேட்கத் தயங்குபவர்கள். கேட்பதற்கு முன்னாலேயே மாற்றிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

வீட்டில் ஒவ்வொரு கதவையும் விரலை மடக்கி, மூடிய கைமுஷ்டியால் திறந்து பாருங்கள். திறந்தால் அம்மாவாலும் முடியும். திறக்காவிட்டால் அவர்கள் அறையிலும் பாத்ரூமிலும் வெளிவாசலிலும் உள்ளதை முதலில் மாற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரமும் போதும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நம் கோயில், மண்டப நிர்வாகக் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுக்கட்டும். விசேஷ நாளில் நூற்றுக்கணக்கான பேர் உள்ளே இருக்கும்போது பக்கத்து வாசல் கதவு எப்படித் திறக்கும் என்பது, அந்தக் கைப்பிடி எவ்வளவு பளபளக்கிறது என்பதைவிட முக்கியம்.