நிரல் பொதுவாகுக, பொறுப்பு விலைபெறுக

நோயாளியின் இரத்தக்குழாயில் துளித்துளியாய் மருந்து செலுத்தும் பொறியினுள்ளும், மோட்டார் வண்டியின் பிரேக்கினுள்ளும் சிறு கணிப்பொறியொன்று ஒடுங்கியிருக்கின்றது. அதன் பணிகளை முறைப்பட நடத்துவது நிகழ்நேர இயங்குதளம் எனப்படும். விடை பிழையற்றதாயிருத்தல் மட்டும் போதாது. குறித்த காலத்தில் வருதலும் வேண்டும். காலந்தாழ்த்துப் பிடிக்கும் பிரேக்கினாற் பயன் யாது? இத்தகைய இயங்குதளத்தை வணிக உரிமம் பெற்று வாங்குவதா, மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதைக் கொள்வதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

வணிகரை வெறும் பொருளாசையுடையார் என்று இகழ்தல் நேர்மையன்று. திறந்த மூலநிரலாகிய ஃப்ரீ ஆர்.டி.ஓ.எஸ். 2017ஆம் ஆண்டு முதல் அமேசான் நிறுவனத்தின் பேணலில், எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கி வருகின்றது. சுருங்கிய அவ்வுரிமம், எவ்வகை உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகவே கைவிரிக்கின்றது. உயிர்காக்கும் பொறி செய்வோர் இவ்வளவிற் கொண்டு அமைதல் கூடுமோ? அதே அமைப்பைத் தழுவிய சேஃப் ஆர்.டி.ஓ.எஸ்., காப்புத் தரச்சான்றுடன் விலைக்கு விற்கப்படுகின்றது. ஆண்டு வாங்குவோர் விலை கொடுப்பது நிரலுக்கன்று. சோதனைக்கும் சான்றுக்கும் பொறுப்புக்குமேயாம்.

ஆயினும், விலை கொடுத்தமையாற் குற்றம் நீங்கிவிடும் என்றெண்ணுதல் பேதைமை. விஎக்ஸ்ஒர்க்ஸ் என்னும் புகழ்பெற்ற வணிகத் தளத்தின் வலைத்தொடர்புப் பகுதியில் 2019ஆம் ஆண்டு 11 பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. திறந்த மூலத்தாரும் செருக்கடைதற்கில்லை. மறு ஆண்டே திறந்த மூல வலைத்தொடர்பு நிரல்கள் நான்கில் 33 குறைகள் காணப்பட்டன. கதவு திறந்திருத்தலானே எவரேனும் உட்புகுந்து பார்த்தார் என்பது ஆகாதன்றோ?

அங்ஙனமாயின் இரண்டும் ஒன்றோ? அன்று. பொறியின் ஆயுள் நெடிது, உடைமையோ கைமாறுவது. எக்ஸ்பிரஸ் லாஜிக் நிறுவனம் 1997இல் வெளியிட்ட த்ரெட்எக்ஸ், 2019இல் மைக்ரோசாஃப்ட் கைப்பட்டது. 2023இல் அந்நிறுவனம் அதனை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு அளிப்பதாக அறிவித்தது. இன்று அது திறந்த மூலம். இது நல்லூழின் பயன். உடையவர் நிரலைப் பூட்டிவைத்துக் கடையையும் அடைத்துவிடின், அதனை நம்பிய பொறிகளை யார் செப்பனிடுவார்? வணிகருட் சிலர் வாங்கினோர்க்கு மூலநிரலைக் காட்டுவர், மெய்யே. ஆயினும் தாம் செய்த திருத்தத்தைப் பிறர்க்கும் வழங்கும் உரிமையை வாங்கினோர் பெறுதல் அரிது. ஒருவர் கண்ட மருந்து மற்றொருவர் பிணிக்கு உதவாதொழிகின்றது.

ஆதலின், நிரல் பொதுவாகுக, சோதனையும் சான்றும் பொறுப்பும் விலைபெறுக என்பதே நம் துணிபு. நாளை பொறி அமைக்கப் புகும் நண்பர்கள் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். திறந்த நிரலை இலவசமாய் எடுப்போர் சோதனைச் செலவினின்று நீங்கினாரல்லர். அதனைத் தம் தலைமேல் ஏற்றாராவர். அச்செலவை ஒருவரும் ஏலாராயின், இறுதியில் அதனை இறுப்பவர் படுக்கையிற் கிடக்கும் நோயாளியே.