குவாலிஸை விற்கச் சொல்கிறார்கள்

"அப்பா, அதைக் குடுத்துட்டு வேற வண்டி வாங்கலாம்ப்பா" என்று மகன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். வாசலில் நிற்பது 2003-ம் வருட டொயோட்டா குவாலிஸ்.

2000-ல் அது வந்தபோது, வெளிநாட்டில் பழசாகிப்போன மாடல், பெட்டி மாதிரி இருக்கிறது என்று கேலி பேசினார்கள். வாங்கி ஓட்டியவர்கள் பேசவில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு, 2005-ல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள்.

ஆரணியில் பட்டுச்சேலை மூட்டையும் ஏற்றினோம், கல்யாணத்துக்கு எட்டுப் பேரும் ஏறினோம். 75 குதிரைத்திறன்தான்; ஜவ்வாது மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் நடுவழியில் விட்டதில்லை. அம்மாவைக் கடைசியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் படுக்கவைத்துக் கொண்டுபோனது இதன் நடு சீட்டில்தான்.

15 வருடம் முடிந்து 2018-ல் பதிவைப் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள்; 2023-ல் அதையும் கட்டினேன்.

புகை கக்கும் வண்டியை நிறுத்தட்டும், அது நியாயம். பிள்ளைகள் மூச்சுவிட வேண்டும். ஆனால் வண்டியின் வயதைப் பார்த்துத் தண்டம் போடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். தேறினால் ஓடட்டும். தேறாத அன்று சாவியை நானே மகன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கும் 71 ஆகிறது. வயதை மட்டும் பார்த்து ஒதுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.